தலையில்லாத மணப்பெண்ணும் என் முதல் வாசகரும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று போன வாரம் மேடம் போன் செய்தார். "உங்களுக்குப் பட்டது எதையாவது எழுதுங்க அங்கிள். ஆனா பூ வைக்காதீங்க" என்றார். பூ என்று அவர் சொல்வது என் வர்ணனைகளை. நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், கண் பார்வை மங்கி வீட்டோடு உட்கார்ந்த நாள் வரை, என் எழுத்திலிருந்து அவர் பறித்துப் போட்ட பூக்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு தேரையே அலங்கரித்திருக்கலாம். பாருங்கள், இரண்டாவது மூச்சிலேயே ஒன்று வந்துவிட்டது.

நம் தொழில் என்னவென்று என் மைத்துனருக்கு இன்று வரை விளங்கவில்லை. "கடைக்கு வெப்சைட் இருக்கு, சரி. போன் நம்பர் இருக்கு, விலாசம் இருக்கு, சரி. கட்டுரை எதுக்கு? யாரு படிப்பா?" என்பார். ஒரு கடையைத் தேடி வருகிறவர் முதலில் ஒரு சந்தேகத்தைத்தான் தேடுகிறார்; அந்தச் சந்தேகத்துக்குப் பதில் எந்தக் கடையின் பக்கத்தில் கிடைக்கிறதோ அந்தக் கடைக்குத்தான் போன் போடுகிறார் என்று மேடம் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொல்வேன். அவர் சிரிப்பார். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் சிரித்தேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன். காரைக்காலில் அந்தக் காலத்தில் யார் வீட்டில் காது குத்தினாலும், யார் கட்சி மாறினாலும், யார் காலமானாலும் வார்த்தை என்னுடையது. 'மண்ணுலகம் நீத்து விண்ணுலகம் ஏகிய' என்று ஆரம்பித்தால் கை தானாக ஓடும். அப்புறம் வாசகத்தை ஜனங்கள் தங்கள் போனிலேயே எழுதிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். எனக்கு வேலையில்லை. அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தேன். மாடியில் ஒரே அறையில் வெப்சைட் கம்பெனி தொடங்கியிருந்த மேடத்துக்கு என் வயதில் பாதி. திருமலைராயன்பட்டினத்துப் பெண். கணவர் துபாயில். "தமிழ்ல பிழையில்லாம எழுதுவீங்கள்ல, வாங்க அங்கிள்" என்று சேர்த்துக்கொண்டார். பிழை எழுத்தில் மட்டும்தான் வரும் என்று அவர் நம்பிய காலம் அது.

முதல் வேலை ஒரு இன்வெர்ட்டர் பேட்டரிக் கடைக்கு. புயல் மாதம் வரப் போகிறது, கரண்ட் போகும், ஜனங்கள் தேடுவார்கள், பேட்டரியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதுங்கள் என்றார் மேடம். நான் உட்கார்ந்தேன். 'இருள் என்பது மனிதனின் ஆதிப் பகைவன்' என்று ஆரம்பித்தேன். முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. மேடம் முழுக்கப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கிள், பேட்டரிக்குத் தண்ணி எப்ப ஊத்தணும்?"

"அதெல்லாம் கடைக்காரர் சொல்லுவாரும்மா."

"அப்ப நாம என்ன சொல்றோம்?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அவர் விட்டுவிட்டார். கட்டுரை அப்படியே போனது. அந்த ஆண்டுப் புயலில் ஊரே இருட்டில் கிடந்தபோது பேட்டரிக் கடைக்கு ஒருவர் போன் போட்டு, "கட்டுரை படிச்சேங்க. மனசு பாரமாயிருச்சு. பேட்டரிய என்ன செய்யறதுன்னு சொல்லவே இல்லையே" என்றாராம். கடைக்காரர் அதை அப்படியே மேடத்திடம் சொன்னார். மேடம் அப்படியே என்னிடம் சொன்னார். அப்புறம் 'இதை யார் தேடுவார்?' என்று ஒரு தாளில் எழுதி என் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனார்.

இப்போது உங்களுக்கு எழுதித் தருவதற்கு மெஷின் வந்துவிட்டது என்கிறார்கள். அது எழுதியதை மேடம் ஒரு முறை படித்துக் காட்டினார். அச்சு அசல் என் இருள் கட்டுரை மாதிரியே இருந்தது. ஆகவே என் பாணி அழியவில்லை என்று நிம்மதியாக இருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. எதை எழுதுவது என்பதை எப்படியோ கற்றுக்கொண்டு விடுவீர்கள். எழுதியதை எடுக்கச் சொல்லி ஒருவர் வந்து நிற்பார் பாருங்கள், அன்றைக்கு மெஷின் உதவாது. எனக்கு மேடம்கூட உதவ முடியாமல் போனது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நகரத்தில் டெய்சி என்று ஒரு அம்மாள், கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கு வெள்ளை கவுன் தைத்தும் வாடகைக்கு விட்டும் கடை வைத்திருந்தார். முன்பெல்லாம் மணப்பெண் வெள்ளைப் பட்டுப் புடவைதான். இப்போது கவுன் கேட்கிறார்கள்; அதிலும் மாப்பிள்ளை பிரெஞ்சு நேஷனாலிட்டி என்றால் கவுன் கட்டாயம். அந்தக் கடையின் வெப்சைட்டுக்கு எழுத என்னை அனுப்பினார் மேடம். கல்யாண கவுன் பற்றி என்னைவிடக் குறைவாகத் தெரிந்த ஆள் காரைக்காலில் யாரும் இருந்திருக்க முடியாது. என் கல்யாணத்தில் என் மனைவி என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டால் இன்றைக்கும் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் போன சமயம் ஒரு பெண் கவுன் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். செலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். மாப்பிள்ளை பாரிஸுக்குப் பக்கத்தில் இருந்தார். வாடகைக்கென்று டெய்சி அம்மா புதிதாகத் தைத்த கவுன். செலின்தான் அதை முதலில் போட்டுக்கொள்ளப் போகிறவர். கண்ணாடி முன்னால் நின்று அழகு பார்க்காமல், கடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார முயன்றுகொண்டிருந்தார். கவுன் நாலா பக்கமும் பொங்கி எழும்பியது.

"ஏம்மா உட்கார்ந்து பாக்கறீங்க?" என்றேன்.

"சர்ச்சுல பூசை ஒரு மணி நேரம் சார். நின்னுக்கிட்டேவா இருக்க முடியும்? அதோட இந்த வேர்வைல துணி உடம்போட ஒட்டுதான்னும் பாக்கணும்ல."

மானிட்டர் ஓரத்துத் தாள் ஞாபகம் வந்தது. இதைத்தான் தேடுவார்கள்! உட்கார முடியுமா, வேர்க்குமா, ஸ்கூட்டியில் போக முடியுமா, எத்தனை நாள் முன்னால் அளவு கொடுக்க வேண்டும். செலின் கேட்ட கேள்விகளையும் டெய்சி அம்மா சொன்ன பதில்களையும் அப்படியே எழுதிக்கொண்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையால் கவுனை அமுக்கிக்கொண்டு சிரிக்கும்போது ஒரு படமும் எடுத்தேன்.

"போட்டுக்கலாமாம்மா?"

படத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. பேரும் போட்டுக்குங்க" என்றார்.

என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே பூ இல்லாத முதல் கட்டுரை அது. காரணம், அதில் பாதிக்கு மேல் நான் எழுதவே இல்லை. அதுதான் ஓடியது. காரைக்கால், கவுன் என்று யார் தேடினாலும் முதலில் செலின் சிரித்துக்கொண்டு வந்தார். நாகப்பட்டினம், கும்பகோணம், புதுச்சேரி என்று டெய்சி அம்மாவுக்கு போன் வந்தபடி இருந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினேன். முடி வெட்டுகிறவரிடம் காட்டியபோது அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதுல நீங்க எங்கண்ணே இருக்கீங்க?" என்றார்.

சில வாரங்கள் கழித்து ஒரு முற்பகல். மேடத்தின் தங்கைக்கு நிக்காஹ். மேடம் திருமலைராயன்பட்டினத்துக்குப் போய்விட்டார். அலுவலகத்தில் நான் மட்டும். குடையும் கையுமாக ஒரு பெரியவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"கவுன் பத்தி கட்டுரை எழுதுனது இங்கதானுங்களா?"

"நான்தாங்க எழுதுனேன். உக்காருங்க, உக்காருங்க."

என்னைத் தேடி நேரில் வந்த முதல் வாசகர்! கீழே குரல் கொடுத்து டீ வரவழைத்தேன். ஃபேனை அவர் பக்கம் திருப்பினேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கம். "நெறைய பேரு படிச்சிருப்பாங்களோ?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? பாண்டிச்சேரி பூரா படிக்கறாங்க. பிரான்ஸ்ல இருந்துகூடப் பாக்கறாங்க. யாரு தேடுனாலும் மொதல்ல இதுதான் வரும். இதைத் தாண்டித்தான் மத்ததெல்லாம்."

நான் பேசப் பேச அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. டீயைத் தொடவில்லை.

"அதுல இருக்கறது என் பொண்ணுங்க" என்றார். "கல்யாணம் நின்னு போச்சு."

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவிப்பார்களே, ஓலை வாசிப்பது என்பார்கள், அதுவரைக்கும் வந்து நின்றுவிட்டதாம். இப்போது புதுச்சேரியிலிருந்து ஒரு சம்பந்தம் பேசுகிறார்கள். அந்த வீட்டார் பெண்ணின் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார்கள். கவுன் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். 'பொண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்குன்னு சொல்லவே இல்லையே' என்று கேட்டிருக்கிறார்கள்.

"எடுத்துருங்க சார். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று எழுந்து கைகூப்பினார். என் முதல் வாசகர்.

மேடத்துக்கு போன் போட்டேன். பின்னால் பாத்திர ஓசையும் குழந்தைகள் கத்தலும்தான் கேட்டன. "அங்கிள், ஒண்ணும் கேக்கல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். டெய்சி அம்மாவுக்குப் போட்டேன்.

"எடுக்கறதா? என்ன சார் பேசறீங்க?" என்று பதறிவிட்டார். "ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் பூரா ஒரு கல்யாணம் இல்லாம உக்காந்திருந்தேன். இப்பதான் சீசனே ஆரம்பிக்குது. வர்ற போனெல்லாம் அதப் பாத்துட்டுத்தான் வருது. அத எடுத்தா நான் கடைய மூடிட்டு உங்க ஆபீசுக்குத்தான் வேலைக்கு வரணும்."

ஒரு பக்கம் கைகூப்பி நிற்கும் தகப்பன். இன்னொரு பக்கம் பிழைப்பு போய்விடுமென்று பதறும் கடைக்காரர். நடுவில் நான். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு மூன்றாவதாக ஒரு கவலையும் இருந்தது. என் கட்டுரை. வாழ்நாளில் ஓடிய ஒரே கட்டுரை. அதை என் கையாலேயே எடுப்பதா?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. இரண்டு தரப்பும் மனம் குளிர்கிற மாதிரி ஒரு வழி. பெயரை எடுத்துவிட்டு 'ஒரு சகோதரி' என்று போட்டேன். படத்தில் கழுத்துக்கு மேலே இருந்ததை வெட்டிவிட்டேன். பெரியவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தெரியல" என்றார். அப்புறம்தான் ஆறிப்போன டீயைக் குடித்தார். நான் என்னையே மெச்சிக்கொண்டேன். தலையை வெட்டி சமாதானம் செய்து வைத்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலையிலேயே டெய்சி அம்மா கூப்பிட்டார்.

"சார், என்ன பண்ணி வச்சிருக்கீங்க? நாற்காலில கவுன் உக்காந்திருக்கு, தலையக் காணோம். நாகப்பட்டினத்துல இருந்து ஒரு அம்மா போன் பண்ணி, 'ஏங்க, இது கல்யாணக் கடைதானே?'ன்னு கேக்குது."

வேறு படம் மாற்றிவிடலாம் என்று நான் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தபோது மேடம் உள்ளே வந்தார். கையில் மருதாணி சிவந்திருந்தது. நிக்காஹ் விருந்திலிருந்து எனக்காக ஒரு டப்பா பிரியாணி. நான் நடந்ததைச் சொன்னேன். டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டுக் கட்டுரையைத் திறந்து பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் படியில் வேகமாக யாரோ ஏறி வரும் சத்தம்.

செலின். ஆஸ்பத்திரி கோட்டோடு வந்திருந்தார். ஸ்கூட்டிச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"என் தல எங்க சார்?"

மேடம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான் என்று எனக்குத் தெரியும். செலின் சிரிக்கவில்லை.

"உங்க அப்பாதாம்மா வந்து..."

"தெரியும். நேத்து வீட்டுல வந்து சொன்னாரு. பெரிய காரியத்த முடிச்ச மாதிரி சொன்னாரு." போனைத் திறந்து படத்தை என் முன்னால் நீட்டினார். "சார், நேத்து வரைக்கும் அந்தப் போட்டோ இருந்துச்சு. யாராவது கேட்டா, ஆமா, நாந்தான், அந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லிட்டேன்னு சொல்லுவேன். அதோட போயிரும். இன்னைக்குக் காலைல லேப்ல அத்தன பேரும் கேக்கறாங்க. ஏன் மூஞ்சிய எடுத்தாங்க, என்ன ஆச்சுன்னு. நேத்து வரைக்கும் கல்யாணந்தான் நின்னுச்சு. இன்னைக்கு நான் என்னமோ தப்புப் பண்ணுன மாதிரி ஆயிருச்சு."

"உன் நல்லதுக்குன்னுதாம்மா அவரு..."

"போடறப்ப யாரைக் கேட்டீங்க?"

"உன்னத்தான்."

"எடுக்கறப்ப?"

ஃபிளெக்ஸ் கடையில் அத்தனை ஆண்டுகள் அடுத்தவர் சந்தோஷத்தையும் துக்கத்தையும் நானே வார்த்தை போட்டு எழுதியிருக்கிறேன். யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கைகூப்பியவரைப் பார்த்தேன், போனில் பதறியவரைக் கேட்டேன், என் கட்டுரையை நினைத்தேன். படத்தில் இருந்தவர் ஒரு போன் தூரத்தில், நாலு தெரு தள்ளி இருந்தார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு எங்கோ மூலையில் உட்கார்ந்திருப்பார் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. தப்பு எங்களதுதான்" என்றார். எங்களது என்று சொன்னாரே, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். "இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க. முழுசா எடுத்துரவா?"

"வேணாம். இருந்த மாதிரியே போடுங்க. கீழ ஒரு வரி சேத்துருங்க, கல்யாணம் ஏன் நடக்கலைன்னு."

"ஏன் நடக்கலைன்னு கேக்கலாமா?"

செலின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார். மாப்பிள்ளை தினமும் வீடியோவில் பேசுவாராம். நல்ல மாதிரிதானாம். ஓலை வாசிக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள், அங்கே வந்ததும் வேலைக்கெல்லாம் போக வேண்டியதில்லை, அம்மா படுக்கையில் இருக்கிறார், அவரைப் பார்த்துக்கொண்டால் போதும், ஆஸ்பத்திரியில் இருக்கிற பெண்ணாகத் தேடியதே அதற்குத்தான் என்று சொன்னாராம்.

"பாத்துக்க மாட்டேன்னு இல்ல. மொதல்லயே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். உங்களுக்குப் பொண்டாட்டி வேணுமா, நர்ஸு வேணுமான்னு கேட்டேன். நெட்வொர்க் சரியில்லாத மாதிரி பேசாம இருந்தாரு. நெட்வொர்க் நல்லாத்தான் இருந்துச்சு."

மேடம் உடனே என் பக்கம் திரும்பி எழுதச் சொல்லிவிடவில்லை. இங்கேதான் நான் அவரிடம் பாடம் படித்தேன். "இது உங்க விஷயம், நீங்க சொல்றபடிதான். ஆனா உங்க அப்பா நாளைக்கு இதைத் திறந்து பாத்து அதிர்ச்சியாகக் கூடாது. கடை டெய்சி அக்காவோடது. ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டுத்தான் போடுவோம்" என்றார்.

செலின் அங்கேயே அப்பாவைக் கூப்பிட்டார். மறுமுனையின் குரல் எங்கள் வரைக்கும் கேட்டது.

"ஊரு என்னம்மா சொல்லும்?"

"ஊருக்குத்தான்ப்பா எழுதச் சொல்றேன். ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாயி வலிக்குது."

"பாண்டிச்சேரிக்காரங்க?"

"அவங்களும் படிக்கட்டும். படிச்சுட்டு வர்றவங்க வரட்டும்."

அப்புறம் பெரியவர் சொன்னார்: "போடறதுதான் போடறாங்க, இந்த வாட்டியாவது பேர ஒழுங்காப் போடச் சொல்லு. போன தடவ ஒரு எடத்துல சலின்னு போட்டிருந்தாங்க, சலைன் பாட்டில் மாதிரி."

பிழையில்லாமல் எழுதுவேன் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள் என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

டெய்சி அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "கல்யாணம் நின்ன கவுனுன்னு தெரிஞ்சா எவ போடுவா? பெத்தவங்க விடுவாங்களா?" என்றார். நியாயமான பயம். அவருடைய அரிசியும் பருப்பும் அந்தக் கவுனில் இருந்தன. செலின் போனை வாங்கிக்கொண்டார்.

"அக்கா, கவுனு என்னக்கா பண்ணுச்சு? உக்கார முடிஞ்சுது, வேர்க்கல, அளவும் சரியா இருந்துச்சு. மாப்பிள்ளைதான் அளவு சரியில்ல."

டெய்சி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே திட்டினார். "ஒரு வாரம் போட்டுப் பாப்போம். போன் வரலைன்னா எடுத்துருவேன், சொல்லிட்டேன்" என்று வைத்தார்.

ஆக, இப்போது நான் எழுத வேண்டும். செலின் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது. படத்தைப் பழையபடி போட்டேன், பெயரைத் திருத்தினேன், கீழே தட்டினேன்: 'விதியின் விளையாட்டால் கைகூடாமல் போன இத்திருமணம்...'

"விதி எங்கேந்து வந்துச்சு?" என்றார் பின்னாலிருந்து. "நான்தான் நிறுத்துனேன்."

அழித்தேன். 'தவிர்க்க இயலாத சில காரணங்களால்...'

"தவிர்த்திருக்கலாம் சார். அவரு மொதல்லயே சொல்லியிருந்தா."

அழித்தேன். 'மனம் ஒப்பாத சூழலில்...'

"யாரு மனம்?"

மேடம் இதற்கெல்லாம் உதவிக்கு வரவில்லை. எனக்காகக் கொண்டுவந்த பிரியாணியைத் திறந்து வைத்துக்கொண்டு, நாடகம் பார்க்கிற மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "நீயே சொல்லும்மா" என்றேன். சொன்னார். தட்டினேன்.

'இந்தக் கல்யாணம் நடக்கவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கவுன் நன்றாக இருந்தது. செலின்.'

படித்துப் பார்த்தேன். ஒரு பூ இல்லை. சேர்க்க இடமும் இல்லை.

பதிவு போனது. அன்றைக்கே கீழே கருத்துகள் வர ஆரம்பித்தன. மோசமாகச் சிலர் எழுதினார்கள். பெண்ணுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று ஒருவர் அறிவுரை. அதை எடுத்துவிடவா என்று செலினைக் கேட்டேன். அதற்குள் கேட்கப் பழகிவிட்டேன். "இருக்கட்டும், யாருக்குப் பொண்ணு குடுக்கக் கூடாதுன்னு ஊருக்குத் தெரியட்டும்" என்றார். டெய்சி அம்மாவிடம் ஏற்கெனவே கவுன் சொல்லி வைத்திருந்த ஒரு வீட்டார் வேண்டாமென்று போய்விட்டார்கள். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. வாரம் முடிவதற்குள் போன்கள் பழையபடி வர ஆரம்பித்தன. அந்த வரியை யார் எழுதியது என்று கேட்டுச் சில போன்களும். டெய்சி அம்மா கட்டுரையை எடுக்கவில்லை. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. தேடிப் பார்க்காதீர்கள், நான் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

புதுச்சேரி சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இதை உங்களுக்கு எழுதலாமா என்று செலினிடம் கேட்டபோது, கட்டுரை வரைக்கும் எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு அப்புறம் வேண்டாம் என்றார். ஆகவே எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கவுனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லலாம். டெய்சி அம்மாவைக் கேட்டுவிட்டேன். சில மாதங்கள் கழித்து அவர் எனக்கு போன் செய்தார். அதே கவுனைப் போட்டு அளவு பார்க்க வேளாங்கண்ணிப் பக்கமிருந்து ஒரு பெண், அம்மாவோடு வந்திருந்தாளாம். கவுன் மாட்டிவிட்டாயிற்று. தோள் பக்கம் டெய்சி அம்மா ஊசி குத்திக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் போனில் நம் கட்டுரையைக் கடைசி வரை படித்தாளாம். அப்புறம், "அக்கா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கவுனோடு கடைக்கு வெளியே போய், வாசலில் நின்று மாப்பிள்ளைக்கு போன் போட்டுவிட்டாளாம். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் அவள் எதையோ கேட்கிறாள், கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். உள்ளே அவள் அம்மாவும் டெய்சி அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"உங்க எழுத்தால வந்த வினை சார்" என்றார் டெய்சி அம்மா என்னிடம். "இனிமே நான் முழு அட்வான்ஸ் வாங்காம ஊசியிலயே கை வைக்க மாட்டேன்."

"அப்புறம் என்னாச்சு?"

"என்னாச்சு? 'சொல்லாம எதையும் வச்சிருக்கீங்களான்னு கேட்டுட்டேன்க்கா'ன்னு சொல்லிக்கிட்டே திரும்பி வந்தா. கண்ணாடி முன்னாடி நின்னா. 'இடுப்பு கொஞ்சம் டைட்டா இருக்குக்கா, பிரிச்சு விட்ருங்க, கல்யாணத்தன்னிக்கு நெறைய சாப்பிடப் போறேன்'னா. பிரிச்சு விட்டேன்."